மூன்று நாள் பிந்திக் கேட்டவர்

காங்கயத்துக்குப் பக்கத்தில் கல்லேரிப்பாளையத்தில் நாச்சிமுத்து என்று ஒரு வாடகைக் கார்க்காரர் இருந்தார். சவாரி இல்லாத நேரமெல்லாம் வீட்டு வாசலில் நிறுத்திய தன் வெள்ளைக் காருக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதைத் தவிர வேறு சுகம் அறியாதவர். அவருடைய மனைவி தெய்வாத்தாள். தெய்வாத்தாளின் தம்பி குழந்தைவேலு பஸ் நிலையத்துக்குப் பின்னால் கார்களுக்குப் பாட்டுப்பெட்டி மாட்டுகிற கடை வைத்திருந்தான். கதவுத் தகரத்துக்குள் தார்ஷீட் ஒட்டி அதிர்வை அடக்குவதிலும், எந்த வண்டியின் டேஷ்போர்டையும் ஒரு கீறல் விழாமல் பிரித்து மாட்டுவதிலும் அவனை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அவன்தான் ஒரு சித்திரை மாத மத்தியானம், கோயம்புத்தூரிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து மச்சானின் காரில் டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்து முடுக்கினான்.

"வண்டில நீங்க வலது பக்கமா உக்காந்திருக்கறீங்க மச்சான். வலது கதவு ஸ்பீக்கர் உங்க முழங்காலுகிட்டக் கெடக்குது, இடது ஸ்பீக்கர் அந்தக் கோடில கெடக்குது. கிட்ட இருக்கறது முந்தி வந்து காதை அடைச்சுக்குது. இந்தப் ப்ராசசர் என்ன பண்ணும்னா, கிட்ட இருக்கற சத்தத்தைக் கொஞ்சம் புடிச்சு நிறுத்தி வெச்சு, தூரத்துச் சத்தம் வந்ததுக்கப்புறம் ரெண்டையும் ஒண்ணா உடும். அப்பத்தான் பாட்டு நேரா நெஞ்சுக்கு வரும்" என்று சொல்லிக்கொண்டே, சீட்டின் தலைமாட்டில் ஒரு சின்ன மைக்கை ஒட்டவைத்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, எத்தனை நேரம் நிறுத்திவைக்க வேண்டும் என்று எண்களைத் தட்டினான். அந்த எண்ணில் புள்ளி எங்கே விழுந்ததோ, விழாமல் போனதோ, அதை அவனும் பிற்பாடு தேடவில்லை, ஊரும் தேடச் சொல்லவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. நாச்சிமுத்து கண்ணை மூடினார். பாடுகிறவள் கார் பானெட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவருக்காகவே பாடுவது போலவும், தபேலாக்காரனின் விரல்நுனி தோலில் பட்டு எழும் இடம்கூடத் தெரிவது போலவும், ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் தான் கேட்டதெல்லாம் சுவருக்கு அந்தப்புறமிருந்து கேட்டது போலவும் இருந்தது அவருக்கு. பாட்டு முடிந்ததும் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினார். கதவு சாத்திய சத்தம் கேட்கவில்லை. குழந்தைவேலுவின் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. வேப்பமரத்துக் காக்காய் வாயைத் திறந்து திறந்து மூடியது.

மூன்று நாள் அவருடைய காது பாலைவனமாகக் கிடந்தது. காருக்குள் உட்கார்ந்தால் மட்டும் பாட்டு மழையாகக் கொட்டியது. ஈரோட்டில் காது டாக்டர் இரண்டு காதுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காதில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். நான்காம் நாள் மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, நாச்சிமுத்துவுக்கு ஒரு கார் கதவு சாத்துகிற சத்தமும், "எப்படி இருக்குதுங்க மச்சான்?" என்ற குழந்தைவேலுவின் குரலும், அதன் பின்னால் காக்காய்ச் சத்தமும் வரிசையாக வந்து சேர்ந்தன. ஒரு வாரத்துக்குள் கணக்கு எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பெட்டி வழியாக வருகிற பாட்டு மட்டும் அந்தந்த நேரத்துக்கு வரும், உலகத்தின் மற்ற எல்லாச் சத்தமும் சரியாக மூன்று நாள் பிந்தி வரும், நிமிஷம் முன்னே பின்னே ஆகாது.

ஊர் இதற்காக வாயைப் பிளந்து நின்றது இரண்டு நாள்தான். மூன்றாம் நாளிலிருந்து இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சவாரிக்கு வருகிறவர்கள் போகிற இடத்தைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஹாரன் கேட்காததால் அவர் மூன்று கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்து மெல்ல ஓட்டினார், அதனாலேயே வயசானவர்கள் அவர் வண்டியைத் தேடி வந்தார்கள். மூன்று நாளில் எப்படியும் ஊருக்குத் தெரிந்துவிடப் போகிற ரகசியங்களைப் பேச வேண்டியவர்கள், சம்பந்தம் முறிக்கிறவர்கள், ஓடிப்போகிறவர்கள் எல்லோரும் அவர் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசினார்கள். குழந்தைவேலுவின் கடையில் கூட்டம் சேர்ந்தது. அதே பெட்டியைப் பன்னிரண்டு வண்டிகளுக்கு மாட்டினான், பன்னிரண்டிலும் பாட்டு நன்றாக இருந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அதில் இரண்டு பேர், பெண்டாட்டி பேசுவது இப்போதும் உடனுக்குடன் கேட்கிறது என்று வந்து சண்டை போட்டார்கள்.

தெய்வாத்தாள்தான் தவித்துப் போனாள். உப்புத் தீர்ந்தது, கேஸ்காரன் வந்தான் என்பதையெல்லாம் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டுவாள். எழுதிக் காட்ட முடியாததை வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது. திங்கட்கிழமை ஏதோ மனத்தாங்கலில் அவர் எதிரில் உட்கார்ந்து அரைமணி நேரம் அழுது தீர்த்தாள். அவர் ஒன்றும் புரியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர் கண் கலங்க ஓடிவந்து, "அப்படியெல்லாம் நெனைப்பனா தெய்வா?" என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று யோசித்துப் பார்ப்பதற்கே அவளுக்கு நேரம் பிடித்தது.

ஒருநாள் தம்பி கடைக்கே போய் நின்றாள். "அந்தக் கருமத்தைக் கழட்டிப் போடுறா வேலு. நான் இன்னைக்குப் பேசறதுக்கு இன்னைக்குப் பதில் வேணுமில்லையா?"

"மச்சான் வேண்டாங்கறாரு அக்கா. போன வாரமே கேட்டுப் பாத்துட்டன். கழட்டுனா வழியில வந்துட்டிருக்கற மூணு நாளுப் பேச்சும் போயிருமாமா. நீ பேசுனதெல்லாம் போயிருமேன்னுதான் சொல்றாரு."

அவள் முந்தானையை உதறிக்கொண்டு போனாள். உண்மையில் மச்சான் அப்படிச் சொன்னது பாதிதான். மீதிப் பாதி, அந்தப் பாட்டை விட்டு அவரால் இருக்க முடியாது என்பது. அதைக் குழந்தைவேலு அக்காவிடம் சொல்லவில்லை.

நாச்சிமுத்துவின் வீட்டுக்கு எதிரில் ஆறுச்சாமியின் டீக்கடையும், அதை ஒட்டிச் சுலோச்சனாவின் மாவு மில்லும் இருந்தன. டீக்கடை பெஞ்சில்தான் அந்த விளையாட்டு ஆரம்பித்தது. ஆறுச்சாமி ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நாச்சிமுத்துவின் கையில் டீயைக் கொடுத்து, முகம் நிறையச் சிரிப்போடு, மலடன் என்று தொடங்கி வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னான். குழந்தை இல்லாத அந்த மனுஷர் பதிலுக்குச் சிரித்து, தலையாட்டி, டீ நன்றாக இருக்கிறது என்று கையால் காட்டினார். வெள்ளிக்கிழமை அதே நேரத்துக்குப் பெஞ்சு நிறைய ஆள் சேர்ந்துவிட்டது. எதிர் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தவரின் முகம் மெல்லச் சுருங்கி, கை நின்று, அவர் கார் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டதை எல்லோரும் டீயை ஊதி ஊதிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு முறையாவது இது நடந்தது. குழந்தைவேலு முதல் தடவை எழுந்து போய்விட்டான். இரண்டாம் தடவை உட்கார்ந்திருந்தான். நான்காம் தடவை, ஒருத்தரை என்ன சொன்னால் முகம் எப்படி மாறும் என்பது வீட்டு மனுஷனுக்குத்தானே தெரியும் என்று ஆறுச்சாமி சொன்னபோது, அவனே இரண்டு வார்த்தை எடுத்துக் கொடுத்தான். நாச்சிமுத்து ஒருநாளும் யாரிடமும் ஏன் என்று கேட்டதில்லை. அதனால் அது அவருக்கு வலிக்கவில்லை என்று தெரு முடிவு செய்துகொண்டது.

ஆடி பிறந்த பிறகு வந்த ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்றரை மணி. கரண்ட் போய் மாவு மில் நின்றிருந்ததால் தெரு அமைதியாக இருந்தது. நாச்சிமுத்து வாசலில் காருக்குள், வெக்கைக்காகக் கண்ணாடியை நான்கு விரல் இறக்கிவிட்டு, தலையைச் சாய்த்துப் பாட்டில் கிடந்தார். டீக்கடையில் ஆறுச்சாமி, மில்லைவிட்டு வந்து நின்ற சுலோச்சனா, இன்னும் மூன்று நான்கு பேர், கையில் டம்ளரோடு குழந்தைவேலு.

வீட்டுக்குள்ளிருந்து தெய்வாத்தாளின் குரல் வந்தது. "ஏனுங்க..."

கொஞ்சம் விட்டு மறுபடியும். "ஏனுங்க... இங்க வாங்க..."

காருக்கும் அடுப்படிக்கும் பத்தடிதான் தூரம். நாச்சிமுத்து விரலால் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

குழந்தைவேலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னான். "வெள்ளிக்கெழமை பதினொண்ணரைக்கு வருவாரு அக்கா! அதுவரைக்கும் பொறுத்துக்க!"

பெஞ்சே குலுங்கச் சிரித்தது. சுலோச்சனா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஆறுச்சாமி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சிந்தியது. உள்ளே அந்தக் குரல் தம்பியின் குரலை அடையாளம் கண்டுகொண்டு, "வேலு... நீயாச்சும் வா சாமி..." என்றது.

"பரண்ல இருந்து எதையாச்சும் எறக்கித் தரச் சொல்லுவா" என்று அவன் பெஞ்சைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "டீயக் குடிச்சுட்டு வர்றன் அக்கா!" என்று கத்தினான். டீயைக் குடித்தான். கடையிலிருந்து போன் வந்தது, ஆள் காத்திருப்பதாகச் சொன்னார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு போனான். இரண்டு பாட்டு முடிந்து, தண்ணீர் குடிக்க உள்ளே போன நாச்சிமுத்து, அடுப்படி வாசற்படியில் தலைவைத்து, ஒரு கையை நெஞ்சில் வைத்து, ஒரு கையை வாசல் பக்கம் நீட்டிக் கிடந்தவளைப் பார்த்தார்.

சாவு வீட்டில் நாச்சிமுத்து நடந்துகொண்டதை வெகுநாள் வரை ஊரில் பேசினார்கள். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழ, பறை தெருவை அதிர வைக்க, அவர் அந்த நிசப்தத்துக்குள் உட்கார்ந்து எதையோ கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது சனிக்கிழமை நடந்துகொண்டிருந்தது. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் சவாரி இல்லாமல் வீட்டிலேயே இருந்தவர் அவர். அதனால் தெய்வாத்தாள் அவரைச் சுற்றி நடமாடிக்கொண்டே இருந்தாள். பாத்திரம் கழுவினாள், கொலுசு இல்லாத காலைத் தேய்த்து நடந்தாள், தாளிப்புக் கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினாள், தொண்டையைச் செருமினாள், தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துச் சிரித்தாள். பாடை கட்டுகிற நேரத்தில் அவர், "கொஞ்சமாப் போடு, போதும்" என்று சோற்றை மறுக்கிறவர் போலக் கை காட்டினார். கொள்ளி வைத்துத் திரும்பிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமைச் சத்தங்களுக்கு நடுவே உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் முகம் மலரச் சொன்னார். "வெள்ளிக்கெழமை பதினொண்ணரை வரைக்கும் அவ என்ர கூடத்தான் இருக்கறா. கடைசியா என்ன சொன்னான்னு அப்பக் கேட்டுருவன். சொல்லாமப் போயிருக்க மாட்டா."

இதைக் கேட்ட பிறகுதான் தெரு விரலை மடித்துக் கணக்குப் போட்டது.

வியாழக்கிழமை மத்தியானம், மில் வாசலில் எல்லோரும் கூடினார்கள். நாச்சிமுத்து எதிர் வாசலில், பேசினால் காதில் விழுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் இருப்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இன்றைய பேச்சு அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதானே.

"அவ கூப்பிட்டது மட்டுமா கேக்கும்? நாம சிரிச்சதும் சேந்து கேக்குமில்ல?" என்றாள் சுலோச்சனா.

"கண்ணாடிய வேற எறக்கி விட்டிருந்தாரு" என்றான் ஆறுச்சாமி. "எல்லாஞ் சுத்தமாக் கேக்கும். கேட்டா மனுசன் உசுரோட இருப்பாரா? அவரு நல்லதுக்குத்தான் சொல்றன் வேலு. நீதான மாட்டுன. நீயே கழட்டிரு. கழட்டிட்டா இன்னைக்குப் பேசறதும் சேந்து போயிரும்."

எல்லோரும் குழந்தைவேலுவைப் பார்த்தார்கள். அவரவர் சிரித்த சிரிப்பு அவரவருக்குப் பயம்தான் என்றாலும், அந்தச் சிரிப்புக்கு முன்னால் வந்த வார்த்தைகள் யாருடையவை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் குழந்தைவேலு ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டு போனான். நாச்சிமுத்து குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, அடுப்படி வாசற்படியில், அவள் தலை இருந்த இடத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். மச்சினனைப் பார்த்ததும் வா என்று கையசைத்தார். "உங்கக்கா கீரைக்காரிகூடப் பேரம் பேசறா வேலு. ரெண்டு கட்டுக்கு ஒரு கட்டுச் சும்மா கேக்கறா. குடுக்க மாட்டேங்கறா அவ, இவ உட மாட்டேங்கறா." சொல்லிவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார். குழந்தைவேலுவும் சிரிக்க முயன்று, முடியாமல், கார் பக்கம் திரும்பினான்.

சீட்டை முன்னே தள்ளி, கீழே குனிந்து, திருகாணிகளைத் தளர்த்தினான். உள்ளே இருந்து மச்சானின் குரல் வந்துகொண்டே இருந்தது, வேலு, இப்ப முருங்கைக்காய் கேக்கறா வேலு, வேலு, இப்ப உன்னையப் பத்திப் பேசறா, வேலுக்கு முருங்கைக்காய்ன்னா உசுருங்கறா. குழந்தைவேலுவின் கை நின்றது. ஒன்றரை மணி நேரம் பொறுத்தால், தான் செய்தது என்னவென்று இந்த மனுஷருக்குத் தெரியும், தெரிந்த பிறகு அவர் தன்னைப் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும் என்று ஒரு கணம் அந்தப் பார்வையை மனதில் வரவழைத்துப் பார்த்தான். பிறகு சிவப்பு வயரைப் பிடித்து இழுத்தான். கறுப்பு வயரையும் இழுத்தான்.

நாச்சிமுத்து வாசலுக்கு ஓடிவந்தார். "வேலு! பாதிப் பேச்சுல நின்னுட்டா வேலு! பேசிட்டே இருந்தா, நின்னுட்டா!" என்று சொன்னவர், தன் குரலே தன் காதில் விழுந்ததைக் கேட்டுத் திடுக்கிட்டார். எதிரில் மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. வேப்பமரத்தில் காக்காய் கத்தியது. கத்துகிற வாயும் சத்தமும் ஒன்றாக இருந்தன.

"வயரு அதுவாக் கழண்டு போச்சுங்க மச்சான். இப்பத்தான் பாத்தன்" என்றான் குழந்தைவேலு.

"மாட்டு. மறுபடி மாட்டு சாமி. இன்னும் ஒண்ணரை மணி நேரந்தான் இருக்குது."

மாட்டினான். பாட்டு வந்தது, நன்றாகவே இருந்தது, காக்காய்ச் சத்தத்தோடு சேர்ந்து இருந்தது. வழியில் வந்துகொண்டிருந்ததெல்லாம் வழியிலேயே போய்விட்டது. பதினொன்றரை மணிக்கு நாச்சிமுத்து அடுப்படிப் படியில் தலை சாய்த்துக் காதைத் தரையோடு ஒட்டிக் கிடந்தார். பன்னிரண்டுக்கு எழுந்து, தெருவைக் கடந்து டீக்கடைக்கு வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"நீங்கெல்லாம் இங்கதான இருந்தீங்க" என்றார். "வேலு, நீயும் இருந்த. அவ என்னமாச்சும் சொன்னாளா?"

"ஒரு சத்தமும் இல்லீங்க மச்சான். தூக்கத்துல போறாப்பல போயிட்டா."

அவர் முகம் விழுந்தது. அவமானப்பட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணுமே சொல்லலையா? என்னையக் கூப்புடக்கூட இல்லையா?" என்று முணுமுணுத்தார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமலோ, அவர் இன்னும் கிளறிவிடுவாரோ என்ற பயத்திலோ, குழந்தைவேலுவின் வாயிலிருந்து அது வந்தது. "சொன்னாங்க மச்சான். மெதுவாச் சொன்னா. அவியளக் கூப்புடாதீங்க, பாட்டுக் கேட்டுட்டு இருக்கறாங்க, கேக்கட்டும்னு சொன்னா."

ஆறுச்சாமி உடனே, "ஆமாங்கண்ணா, நானும் கேட்டன்" என்றான். சுலோச்சனா மில்லிலிருந்தே தலையாட்டி, "எனக்கும் கேட்டுச்சுங்க. அவளுக்கு உங்க மேல அத்தனை பிரியம்" என்றாள்.

நாச்சிமுத்து நெடுநேரம் அழுதார். பிறகு எல்லோரையும் பார்த்துக் கை கூப்பினார். "நான் பக்கத்துல இல்லாட்டியும் நீங்க இருந்தீங்களே" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சவாரிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு, தெய்வாத்தாள் சொல்லிவிட்டுப் போனபடி, நாள் முழுக்கக் காருக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார். இடையிடையே இறங்கி டீக்கடைக்கு வந்து, புதிதாக யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்களுக்கு டீ சொல்லி, குழந்தைவேலுவைக் கூப்பிட்டு நிறுத்தி, அக்கா சொன்னதைச் சொல்லச் சொல்வார். அவன் சொல்வான். முதலில் தரையைப் பார்த்துச் சொன்னவன், பிறகு முகத்தைப் பார்த்தே சொன்னான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பிட்ட கூட்டமெல்லாம் டீக்கடை முன்னால் நின்றிருந்தபோது, நாச்சிமுத்து மச்சினனின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அவளாட்டவே சொல்லு வேலு. அவ கொரல்ல ஒருக்காச் சொல்லு. நீ கூடப் பொறந்தவன், உனக்கு வரும்" என்றார்.

"வேண்டாமுங்க மச்சான்."

"என்ர கண்ணில்ல. ஒரே ஒருக்கா."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைவேலு தொண்டையை இறுக்கி, குரலை மெல்லிசாக்கி, பெண்பிள்ளை இழுப்பது போல இழுத்து, "அவியளக் கூப்புடாதீங்க... பாட்டுக் கேட்டுட்டு இருக்கறாங்க... கேக்கட்டும்..." என்றான். மீசை வைத்த முகத்திலிருந்து அந்தக் குரல் வந்ததும் பெஞ்சில் யாரோ அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். தொற்றிக்கொண்டது போல இன்னொருவர் சிரித்தார், ஆறுச்சாமி முதுகைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றான்.

நாச்சிமுத்து சட்டென்று திரும்பி, சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். குழந்தைவேலு ஓரடி பின்வாங்கினான். ஆனால் அவர், தன் ஊர்க்காரர்கள் தன் பெண்டாட்டியை நினைத்துச் சிரிக்கிறார்கள் என்று எண்ணி, தானும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மச்சினனின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்படியே அவதான்" என்றார். "இன்னொருக்காச் சொல்லு சாமி."

குழந்தைவேலு தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னொரு தடவை சொன்னான்.